இடம்பெயரத் தயாரா?

காலை ஆறு மணிக்கு எங்கள் வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. மண்டபம் முகாமில் அந்த உறை இல்லாத வீடு கிடையாது. அகதி அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் மார்க் ஷீட், மன்னாரில் எரியாமல் மிஞ்சிய ஏதாவது ஒரு காகிதம், எல்லாம் அதற்குள் இருக்கும். தீப்பிடித்தால் முதலில் உறையை எடுத்துவிட்டுத்தான் வேறு எதையும் பார்ப்போம். உறையோடு நாலு பேர் ஓரிடத்தில் நின்றால் அங்கே ஓர் அதிகாரி வந்திருக்கிறார் என்று அர்த்தம். நான் பல் தேய்த்துக்கொண்டே எந்த அதிகாரி என்று எட்டிப் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை, ஃபோம் வந்திருக்காமே. எங்களுக்கும் ஒருக்கா நிரப்பித் தாவன்" என்றார் பக்கத்து லைன் நாகேஸ் மாமி.

"என்ன ஃபோம் மாமி?"

"இடம்பெயர்க்கிற ஃபோம். உன்ர அப்பா நேற்றுப் பின்னேரம் தேத்தண்ணிக் கடையில சொன்னவர். உடனடியாவோ, முப்பது நாளோ, தொண்ணூறு நாளோ எண்டு கேட்டிருக்காம். நாங்கள் தொண்ணூறு போடுவம். பெட்டைக்குப் பள்ளிக்கூடத்தில சோதனை இருக்கு."

எனக்குப் புரிந்தது. நுரையை அப்படியே விழுங்கிவிட்டேன்.

உள்ளே அப்பா வேலைக்குப் போகத் தயாராக, வெள்ளையும் நீலமும் தெறித்த சட்டையோடு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு கடமையை முடித்த நிம்மதி. முதல் நாள் மாலை நான் குளிக்கப் போன நேரம், சார்ஜில் கிடந்த என் போன் ஒலித்திருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எடுத்திருக்கிறார். அழைப்பு நின்றுபோய், நான் பாதியில் விட்டிருந்த படிவம் திறந்திருக்கிறது. பெயர், பிறந்த தேதி, தற்போதைய முகவரி எல்லாம் நானே நிரப்பியிருந்தேன். பதினோராவது கேள்வி: இடம்பெயரத் தயாரா? ஆம், இல்லை. பன்னிரண்டாவது: எப்போது இடம்பெயர முடியும்? உடனடியாக, முப்பது நாட்களுக்குள், தொண்ணூறு நாட்களுக்குள்.

"இல்லையெண்டுதான் அமத்தினனான். அடுத்ததுக்கு ஒண்டும் அமத்தேல்ல. அனுப்பு எண்டிருந்தது, அனுப்பிவிட்டன்" என்றார் அப்பா. "எத்தினை தரமடி பெயர்றது? அடம்பனில இருந்து மடு, மடுவில இருந்து பூந்தோட்டம், திரும்ப அடம்பன், பிறகு பேசாலை, பேசாலையில இருந்து இஞ்ச."

"வட்டக்கண்டலை விட்டிட்டியள்" என்றார் அம்மா அடுப்படியில் இருந்து.

"ஓம். வட்டக்கண்டல்."

அது அரசாங்கப் படிவம் இல்லை, சென்னையில் இருக்கும் ஒரு பெண்ணின் படிவம் என்று வாசலில் நின்ற ஒன்பது பேருக்கும் விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. கேரியர் கோச் என்றால் என்ன என்று சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"வேலை எடுத்துத் தருவாவோ?"

"இல்ல மாமி. வேலையை எப்பிடி எடுக்கிறதெண்டு சொல்லித் தருவா."

"அதுக்குக் காசோ?"

"ஓம்."

"எவ்வளவு?"

"முப்பத்தையாயிரம்."

நாகேஸ் மாமி உறையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவருடைய மூத்த மகனை அவுஸ்திரேலியாவுக்கு ஏற்றிவிடுவதாகச் சொல்லி ஒருவன் வாங்கிப் போன காசு இன்னும் வந்து சேரவில்லை. "யோசிச்சுச் செய் பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்களும் போனார்கள். அவர்கள் முகத்தில் நிம்மதி இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒருவர் இரண்டு பேர் முகத்தில் ஏமாற்றமும் இருந்ததைப் பார்த்தேன். எங்கேயாவது போகச் சொல்லியிருந்தால் போயிருப்பார்கள்.

நான் எம்.சி.ஏ. படித்தவள். இராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் போய் வந்து படித்தேன். இந்தக் கரைக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது, இப்போது இருபத்தெட்டு. எனக்கு இரண்டு வாய். வீட்டில் 'ஓம்', பஸ்ஸில் ஏறியதும் 'ஆமா'. கல்லூரியில் மூன்று வருடம் கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு நான் முகாம் பிள்ளை என்று தெரியாது. எந்த ஊர் என்று கேட்டால் மண்டபம் என்பேன். பொய்யில்லையே.

படித்து முடித்ததும் இரண்டு கம்பெனிகளில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று மதுரையில், ஒன்று கோயம்புத்தூரில். இரண்டிலும் எல்லாச் சுற்றும் தாண்டினேன். வாழ்த்துச் சொல்லி மெயில்கூட வந்தது. பிறகு ஆவணங்களை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். மதுரைக்காரர்கள் போன் செய்து, "மேடம், இது என்ன கார்டு?" என்று கேட்டார்கள். சொன்னேன். "மேல கேட்டுட்டுச் சொல்றோம்" என்றார்கள். மேலே யாரைக் கேட்டார்களோ, நான்கு வருடமாகப் பதில் இல்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் கேட்கக்கூட இல்லை. அதன்பிறகு நான் போட்ட விண்ணப்பங்களுக்கு நேர்காணல்கூட வருவதில்லை. படிப்புக்குப் பிறகு இடைவெளி விழுந்துவிட்டது என்கிறார்கள். இந்த இடைவெளியில் நான் பாக்கர் பாய் ஐஸ் பிளான்டில் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன், எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் என்று.

அந்தச் சென்னைப் பெண் ஜெயப்பிரியாவை இன்ஸ்டாகிராமில் பார்த்தேன். தமிழிலேயே பேசுவார். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் தன் பயிற்சி என்பார். பதினைந்து நிமிடம் இலவசமாகப் பேசலாம் என்றிருந்தது, பேசினேன். "நீங்க உங்களைக் குறைச்சே சொல்றீங்க டிலக்ஷனா. ஒரு நாளைக்கு நாற்பது படகோட கணக்கை ஒத்த ஆளாப் பாக்கிறேன்னு சொல்ல வேண்டியதுதானே? சீட்டு எழுதுறேன்னு சொன்னா யாரு எடுப்பா?" என்றார். போனை வைத்த பிறகு நான் வெகுநேரம் அந்த வாக்கியத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது படகு. உண்மைதான். எனக்கே இது தோன்றவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. இதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். குறை என்னிடம் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்குப் பேசத் தெரியவில்லை, தன்னம்பிக்கை இல்லை, ரெஸ்யூம் சரியில்லை, இப்படி ஏதாவது. குறை என்னிடம் இருந்தால் முப்பத்தையாயிரம் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். குறை அந்த அட்டையில் இருந்தால் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் யாரிடம் கொடுப்பது?

அந்தக் காசு என்னிடம் இருந்தது. இரண்டு வருடம் சேர்த்தது, அது ஒன்றுதான். அதை எதற்காகச் சேர்த்தேன் என்று அம்மாவுக்கும் எனக்கும் தெரியும், நாங்கள் பேசிக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் சாரம் என்றால் இரண்டு. அப்பா இடுப்பில் கட்டுவது ஒன்று, அது எங்கள் ஊர்ச் சாரம், இங்கே கைலி என்பார்கள். பெயின்ட் அடிக்க அவர் ஏறி நிற்கும் மூங்கில் கட்டு இன்னொன்று, அது இந்த ஊர்ச் சாரம். அவருக்கு அறுபத்திரண்டு வயதாகிறது. போன தை மாதம் உச்சிப்புளியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அடிக்கும்போது முழங்கால் பிசகி, மேலேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். கூட வேலை செய்தவர்கள் கயிறு கட்டி இறக்கினார்கள். எனக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கும் அன்று அவர் இறங்கிவிடலாம். கிடைக்காவிட்டால், முழங்காலுக்கு ஓய்வு கொடுத்து ஒரு நாலு மாதமாவது வீட்டில் இருக்க அந்தக் காசு உதவும். இரண்டில் ஒன்றுக்குத்தான் அது போதும்.

படகு போகிற நாள் என்பதால் பிளான்டில் மூச்சுவிட நேரமில்லை. பதினொரு மணிக்கு மேல் கொஞ்சம் ஓய்ந்தது. பாக்கர் பாய் டீ கிளாஸோடு என் மேசைக்கு வந்தார். முகாமில் காலையில் நடந்தது அதற்குள் அவர் காதுக்கு வந்துவிட்டிருந்தது. மண்டபத்தில் செய்தி படகைவிட வேகமாகக் கரையேறும்.

"ஏம்மா, என் மச்சினன் மகன் துபாய்க்குப் போறதுக்கு முன்னாடி இப்படித்தேன் ஒருத்தன்ட்ட கிளாசுக்குப் போனான். டை கட்டச் சொல்லிக் குடுத்தான், கை குடுக்கச் சொல்லிக் குடுத்தான். இப்ப அங்கன கிரேன் ஓட்டுறான். டையை எங்கன கட்டுறது?"

"வேலை கிடைச்சிருச்சுல்ல பாய்?"

"கெடச்சுச்சு. அது டையினால கெடச்சுச்சா, அவுக மாமா சொல்லிக் கெடச்சுச்சான்னு அல்லாவுக்குத்தேன் தெரியும்." டீயைக் குடித்து முடித்துவிட்டு, சத்தத்தைக் குறைத்தார். "நீ இங்கனயே இருந்தா எனக்கு லாபந்தேன். அதனால என்னையக் கேக்காத."

அவர் நல்ல மனிதர். அதுதான் எனக்கு அலுப்பாக இருந்தது. யாராவது ஒருவர் கெட்டவராக இருந்தால் இந்த முடிவு சுலபமாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு மணிக்கு ஜெயப்பிரியா அழைத்தார். ஐஸ் உடைக்கும் சத்தத்தில் காது கேட்காமல் பின்பக்கம் போனேன். அங்கிருந்து தெற்குக் கடல் தெரியும்.

"டிலக்ஷனா, ஃபார்ம் பாத்தேன். பதினோராவது கேள்விக்கு இல்லைன்னு போட்டிருக்கீங்க. பரவால்ல, நிறையப் பேர் அப்படித்தான் போடுவாங்க. ஊரை விட்டு வர ஒரு பயம். நாம முதல்ல ஒர்க் பண்ண வேண்டியதே அதுதான். நீங்க இதுவரைக்கும் ஊரை விட்டு வெளிய எங்கயாவது போய் இருந்திருக்கீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார். சிரிப்பு நிற்கும்போது கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. இனி மறைக்க எனக்குத் தெம்பில்லை. சொன்னேன். முகாம், அட்டை, மதுரை, கோயம்புத்தூர். வெளியூரில் தங்குவதென்றால் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், ஆள் எண்ணும் செக்கிங் நாளில் வந்து தலையைக் காட்ட வேண்டும், எல்லாம் சொன்னேன். அந்தப் படிவத்தை அப்பா நிரப்பிய கதையையும் சொன்னேன். முதன்முறையாக அவரிடம் 'ஓம்' என்று சொன்னேன், வாய் தவறி.

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"என்கிட்ட இதுவரைக்கும் இப்படி யாரும் வந்ததில்ல" என்றார். குரலில் அந்த வீடியோப் பளபளப்பு போயிருந்தது. "உங்ககிட்டப் பொய் சொல்ல விரும்பல. இன்டர்வியூ வரைக்கும் என்னால கொண்டுபோய் விட முடியும். அது எனக்கு நிச்சயமாத் தெரியும். அதுக்கு அந்தப் பக்கம் பேப்பர் பாக்கிறவங்க இருக்காங்களே, அவங்ககிட்ட என் பேச்சு எடுபடுமான்னு தெரியல. சின்னக் கம்பெனிங்க இருக்கு, வீட்ல இருந்தே வேலை பாக்கிற மாதிரி. அங்க கேட்டுப் பாக்கலாம். ஆனா சத்தியம் பண்ண முடியாது."

"ஃபீஸ்?"

"ஃபீஸ் அதேதான் டிலக்ஷனா. நானும் இங்க சம்பளத்துக்குத்தான் இருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினார். "திங்கட்கிழமை பேட்ச் ஆரம்பிக்குது. லிங்க்கை மறுபடி திறந்து விடுறேன், இன்னைக்குச் சாயந்தரம் ஏழு மணி வரைக்கும் இருக்கும். அந்தப் பதினோராவதை மட்டும் மாத்திட்டு, கீழயே பே பண்ணலாம். வேணாம்னு தோணினா விட்டுடுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

போனை வைத்த பிறகு எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஏமாற்றுக்காரியாக இருந்திருக்கலாம். எல்லாம் என் பயம்தான், மூன்று மாதத்தில் மாற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே கட்டியிருப்பேன்.

அப்பா ஐந்தரைக்கு வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கைகளைத் துடைத்தார். தினமும் துடைக்கிறார், தினமும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். விரல்களில் ரேகையே இல்லை. கடைகளில் விரல் வைக்கிற மெஷின் எதுவும் அவரை ஏற்றுக்கொள்வதில்லை, சிம் கார்டு வாங்கக்கூட அம்மாதான் போக வேண்டும்.

ஜெயப்பிரியா சொன்னதை அப்படியே சொன்னேன். நேர்காணல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார், அதற்கு அந்தப் பக்கம் தெரியாது என்று. அப்பா துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப போட்காரன் மாதிரி" என்றார்.

பேசாலையில் இருந்து எங்களை ஏற்றிய படகுக்காரனைச் சொல்கிறார். அம்மாவின் தாலிக்கொடியை வாங்கிக்கொண்டு இராமேஸ்வரம் கரையில் இறக்குவதாகச் சொன்னவன், விடியும் முன்பே எங்களைத் தீடையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். தீடை என்றால் கடலுக்கு நடுவே இருக்கும் மணல்திட்டு. நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது. எனக்கு அந்தச் சூடு இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது.

"அவன் கரைக்குக் கொண்டு வரேல்லத்தான்" என்றார் அப்பா. "எண்டாலும் அவனுக்குக் குடுத்தது பிழையெண்டு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. தீடை வரைக்கும் வந்தபடியாத்தானே மிச்சத்துக்கு ஆரோ வந்து ஏத்தினவங்கள். குடு. அவ தீடை வரைக்கும் கொண்டுபோய் விடட்டும்."

அம்மா கையில் அகப்பையோடு வெளியே வந்தார். "பாதி வழியில விட்டவனுக்கு முழுக்காசையும் குடுத்த மனுசனிட்டப் போய்க் கேக்கிறாய். அந்தத் தீடையில ரெண்டு நாள் உன்ர நாக்கை என்ர சீலைத் தலைப்பால நனைச்சுக்கொண்டு இருந்தது நான். எந்தத் தண்ணியால நனைச்சனான் எண்டு இவரைக் கேள்."

அப்பா துணியை மறுபடியும் மண்ணெண்ணெயில் நனைத்தார். நான் கேட்கவில்லை. பாம்பன் பக்கம் ரயில் போகும் சத்தம் கேட்டது.

"குடுக்க வேண்டாம் எண்டு சொல்லுறியளோ அம்மா?"

"நான் எப்பிடிச் சொல்லுறது?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "நீ இங்க கிடந்து சீட்டு எழுதிறதையும் பாக்க ஏலாது. இவர் ஏறிறதையும் பாக்க ஏலாது. எனக்கு அலுத்துப் போச்சு பிள்ளை. நீயே யோசி." அகப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுப்பில் சொதி கொதித்துக்கொண்டிருந்தது.

போனில் லிங்க் வந்திருந்தது. திறந்தேன். என் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் அப்படியே இருந்தன. பன்னிரண்டாவது கேள்வியை ஜெயப்பிரியா எடுத்துவிட்டிருந்தார். பதினோராவது கேள்வி மட்டும் காலியாக இருந்தது, ஆமுக்கும் இல்லைக்கும் பக்கத்தில் இரண்டு வெறும் வட்டங்கள். அதற்குக் கீழே மஞ்சளில் 'பணம் செலுத்துக'. மேலே மணி ஆறு நாற்பது.

"கொண்டா" என்று அப்பா கையை நீட்டினார். "நான் விட்ட பிழையை நானே எடுத்துவிடுறன். ஆம் எண்டதைத்தானே அமத்தோணும்?"

"ஓம். ஆனா அதை அமத்தினாக் காசும் கட்டோணும் அப்பா. கட்டினாப் பிறகு உங்களுக்கு…"

"தெரியும்" என்றார். "கார்த்திகை முடியுமட்டும் உச்சிப்புளியில வேலை இருக்கு. பிறகும் ஆராவது கூப்பிடுவினம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெருவிரலை 'ஆம்' மீது வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். நேற்றும் ஐந்தாறு தடவை அமத்திய பிறகுதான் எடுத்தது என்றார். விரலை விளக்குப் பக்கம் காட்டிப் பார்த்தார். நகத்தைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட் காய்ந்து பிடித்திருந்தது. சாரத்தின் ஓரத்தால் அழுத்தித் துடைத்தார். மறுபடியும் வைத்தார். வட்டம் வெறுமையாகவே இருந்தது.

என் விரல் பட்டால் ஒரு தொடுதலில் நிரம்பிவிடும். நான் கைகளை மடியிலேயே வைத்திருந்தேன். மணி ஆறு ஐம்பத்திரண்டு, ஏழுக்கு லிங்க் மூடிவிடும்.

"இன்னும் கொஞ்சம் அமத்துங்கோ அப்பா" என்றேன்.

அவர் பெருவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டார். இடது கையால் போனின் அடியைப் பிடித்து, மூச்சை அடக்கி, திரைக்கு மேலாகக் குனிந்து, மறுபடியும் வைத்தார்.